பதில் வராவிட்டால் சம்மதம்

மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், அவளுக்கு விருது கொடுக்கப்போவதாக ஆய்வு மையத்திலிருந்து கண்ணாடிக் கடைக்காரருக்குத் தொலைபேசி வந்தது. அவர் அப்போது ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் புது பிரேமை உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மேடத்தோட போட்டோ ஒண்ணு வேணும். கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கிறதா பாத்து அனுப்புங்க."

"எந்த மேடம்?"

"உங்க மிஸஸ்தான் சார். இந்த வருஷத்தோட சிறந்த ஒத்துழைப்பு விருது அவங்களுக்கு. விழாவுக்கு அவங்க நேர்ல வருவாங்களான்னு..." அந்தப் பெண்ணின் குரல் நடுவழியில் நின்றது. "ஐயோ, ஸாரி சார். எல்லாருக்கும் கேக்குற கேள்வி, வாய் தவறி வந்துடுச்சு."

அவர் போனை வைத்துவிட்டு வாடிக்கையாளரின் பிரேமை இன்னொரு முறை காதில் மாட்டினார். அது முன்பைவிடக் கோணலாக உட்கார்ந்தது.

விருது வந்ததுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எதற்கு விருது என்பதுதான் உறுத்தியது. அந்த மையத்தில் அவளைப் பற்றி என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். பிடிவாதக்காரி என்பார்கள்; ஜவ்வாக இழுப்பவள் என்பார்கள்; ஒருவர் அவளைத் திட்டத்தின் காலில் கட்டிய கல் என்றே கூட்டத்தில் சொன்னார். ஒத்துழைப்பு என்ற சொல்லை மட்டும் அவள் பெயரோடு சேர்த்து யாரும் உச்சரித்ததில்லை.

அவள் எறும்புகளைப் பார்ப்பவள். பார்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கூட்டத்தையே வளர்த்து, ஒற்றை மயிரை முனையில் கட்டிய குச்சியால் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சாயப்புள்ளி வைத்து, எது எங்கே போகிறது, எதைத் தூக்குகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அதற்கான லென்சுகளைக் கடைக்காரர்தான் தேய்த்துக் கொடுத்தார். பல வருடங்கள் பார்த்ததில் ஒரு விஷயம் தெரியவந்தது. எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் கூட்டத்தில் ஒரு பகுதி எறும்புகள் எந்த வேலையும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தன. அவள் 'நின்றன' என்று எழுதினாள். அதற்குமேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.

அங்கேதான் பொருளாதாரப் பேராசிரியர் வந்து சேர்ந்தார். எதிர் அறைக்காரர், டீ குடிக்க வந்தவர் பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "ஆக, இதுங்கதான் சோம்பேறி எறும்புங்க" என்றார்.

"பொறுங்க சார். நிக்குதுன்னு தெரியும். சோம்பேறின்னு தெரியாது."

"வேற எதுக்கு மேடம் நிக்கும்?"

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

பேராசிரியருக்கு அதற்குமேல் பார்க்க எதுவும் இருக்கவில்லை. எறும்புக் கூட்டத்திலேயே இத்தனை பேர் தண்டம் என்றால் அலுவலகங்களில் எத்தனை பேர் தண்டம் என்று அவர் அந்த டீ ஆறுவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். கணினித் துறையிலிருந்து ஒரு இளைஞன் சேர்ந்தான். கேமராவில் பார்த்தே நிற்பவர் யார், உழைப்பவர் யார் என்று பிரித்துச் சொல்லும் மென்பொருளை அவன் எழுதினான். உயிரியல், பொருளாதாரம், கணினி மூன்றும் கைகோத்த கூட்டுத் திட்டம் என்று மையம் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. அவள் மட்டும் ஒவ்வொரு கட்டுரை வரைவுக்கும் ஒரே பதிலை எழுதினாள்: பொறுங்க. அதுவே அவளுக்குப் பெயராகவும் ஆனது. மையத்தில் 'பொறுங்க மேடம்' என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும்.

வீட்டிலும் அவள் அப்படித்தான். எதிர்வீட்டுக்காரன் நம்மேல் கோபமாக இருக்கிறான் என்று கடைக்காரர் ஒருநாள் சொல்லிவிட்டார். "கதவைப் பட்டுன்னு சாத்தினான். அவ்வளவுதான் நீங்க பாத்தீங்க. கோவத்தை எங்க பாத்தீங்க?" என்றாள். அவருக்கு அப்போது அவள்மேல்தான் கோபம் வந்தது. அதைத் தாராளமாகப் பார்க்க முடிந்தது.

விருதுச் செய்தியைக் கேட்டு மச்சினி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இறந்தவளின் தங்கை, மேல்வீட்டில் இருப்பவள், மின்வாரியத்தில் புகார்களைக் கேட்டுப் பதியும் வேலை. நாள் முழுக்க ஊரார் வசவைக் காதில் வாங்குவதால் அவளுக்கு நாக்கு நன்றாகத் தீட்டப்பட்டிருந்தது.

"அக்காவுக்கா? ஒத்துழைப்புக்கா? அத்தான், உயிரோட இருந்தப்ப ஒரு கமா போடுறதுக்கு அவ ஒத்துழைச்சதில்ல. செத்த பிறகு எப்படி இவ்வளவு நல்லவளா ஆயிட்டா? நேர்ல போய்க் கேளுங்க. எனக்கு என்னவோ காதுல பூ சுத்துற மாதிரி இருக்கு."

அவர் போனார். மையத்தின் வரவேற்புக் கூடத்தில், குளிர்சாதனக் காற்று நேராக வீசும் இடத்தில் அவளுடைய கண்ணாடிப் பெட்டி இருந்தது. மேலே பெரிய பலகை: 'ஓயாத உழைப்பின் சின்னம்.' உள்ளே பாதி எறும்புகள் குளிரில் விறைத்து மூலையில் ஒண்டியிருந்தன.

பேராசிரியரும் கணினி இளைஞனும் அவரை எழுந்து நின்று வரவேற்றார்கள். நாற்காலி போட்டார்கள். இருவரும் மாறிமாறி அவளைப் புகழ்ந்தார்கள். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார் பேராசிரியர்.

"இழப்புன்னு சொல்லவும் முடியாது சார்," என்றான் இளைஞன், வெகுளியாக. "மேடம் போன பிறகுதான் நாலு பேப்பர் வந்திருக்கு. நாலுலயும் அவங்க பேர் இருக்கு."

"செத்தவ எப்படிப்பா கட்டுரை எழுதுவா?"

அது இப்படி நடந்திருந்தது. அவள் ஒவ்வொரு வரைவையும் மாதக்கணக்கில் கையில் வைத்துக்கொண்டிருந்ததால், அவளுக்காகவே ஒரு விதி கொண்டுவந்தார்கள். மென்பொருள் எல்லா ஆசிரியர்களுக்கும் வரைவை மின்னஞ்சலில் அனுப்பும். ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று பதிந்துகொள்ளும். அவள் உயிரோடு இருந்தவரை ஆறாம் நாளில் 'பொறுங்க' வந்து விழும். அவள் போன பிறகு எதுவும் வரவில்லை. மென்பொருள் சம்மதம், சம்மதம் என்று பதிந்துகொண்டே போயிற்று. வருடக் கடைசியில் யார் மிகக் குறைவாக ஆட்சேபித்தார்கள் என்று அதுவே கணக்கிட்டு, அதுவே விருதுக்கும் பெயரைக் கொடுத்துவிட்டது.

"அவங்களுக்கு அடுத்த இடம் யாருக்குத் தெரியுமா சார்?" இளைஞன் உற்சாகமாகிவிட்டான். "வெளிநாட்டுக்கு லீவுல போய்த் திரும்பி வராத ஒருத்தருக்கு."

பேராசிரியர் அவன் காலை மேசைக்கடியில் மிதித்தது கடைக்காரருக்கும் தெரிந்தது.

அடுத்து வரவிருந்த கட்டுரையை அவர்களே பெருமையாகக் காட்டினார்கள். 'சோம்பலின் விலை.' முதல் பெயர் அவளுடையது. இரண்டாம் பத்தியில் இப்படி இருந்தது: 'முதல் ஆசிரியர் பல ஆண்டுகள் நேரடியாகக் கண்டபடி, கூட்டத்தின் ஒரு பகுதி பயனற்றது, அதை நீக்கினால் உற்பத்தி குறைவதில்லை.'

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அதே வரியை மறுபடி படித்தார். கண்ணாடியில் கோளாறு எதுவும் இல்லை.

"இதை அவ சொல்லலையே."

"டேட்டா சொல்லுது சார்," என்றார் பேராசிரியர்.

"அப்ப டேட்டா பேரைப் போடுங்க. கண்டபடின்னு அவ பேர்ல போட்டிருக்கீங்க. அவ இதைக் காணல. இதைச் சொல்ல மாட்டேன்னுதானே உங்ககூட இத்தனை வருஷம் மல்லுக்கு நின்னா? பேரை எடுத்துடுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயரை எடுக்க முடியும், ஆனால் ஆசிரியர் தானே கேட்க வேண்டும் என்றான் இளைஞன். ஆசிரியரே தம் மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுத வேண்டும், அதுதான் விதி.

"அவ செத்துட்டாப்பா."

"அது நமக்குத் தெரியும் சார். சிஸ்டத்துக்குத் தெரியாது."

"சொல்லுங்க அதுகிட்ட."

"சொன்னா, அவங்க செத்த பிறகு குடுத்த சம்மதம் எல்லாம் செல்லாம போயிடும். நாலு பேப்பரும் திரும்பி வந்துடும். மதிப்பீட்டுக் குழு வர நேரம். மையத்தோட தரவரிசை..." அவன் கையைக் கீழே இறக்கிக் காட்டினான்.

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "சார், உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா யோசிங்க. உயிரோட இருந்தப்ப அவங்களுக்குக் கிடைக்காத பேரு இப்பதான் கிடைக்குது. நீங்களே அதைக் கெடுக்கலாமா?"

வீட்டுக்கு வந்ததும் மச்சினி முழுக்கதையையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரிக்கவில்லை.

"எங்க ஆபீஸ்லயும் இதே வித்தைதான் அத்தான். புகார் குடுத்தவன் திரும்பக் கூப்பிடலைன்னா கரண்ட் வந்துடுச்சுன்னு மூடிடுவோம். செத்துக்கூடப் போயிருப்பான், யாரு கண்டா? சரி, அக்காவோட பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும்ல? உக்காருங்க. பொறுங்கன்னு ஒத்தை வார்த்தை. முடிஞ்சது வேலை."

அவருக்குத் தெரியும். அவள் எதையும் பூட்டி வைத்ததில்லை. அவளுடைய கணினியின் முன் உட்கார்ந்து, அவளுடைய அஞ்சலைத் திறந்து, அந்த ஒற்றை வார்த்தையைத் தட்டச்சும் செய்துவிட்டார். திரையில் அது அவளே எழுதியதுபோல் இருந்தது. அவளுடைய பெயருக்குக் கீழே, அவளுடைய சொல். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழித்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"அவ சொல்லாததை அவ பேர்ல சொல்றாங்கன்னுதானே நான் சண்டைக்குப் போனேன்? நானும் அதையே பண்ணவா?"

"அவ இருந்தா இதைத்தானே சொல்லியிருப்பா!"

"சொல்லியிருப்பா. சொல்லல."

"அக்காகூட இருந்து இருந்து நீங்களும் அவளை மாதிரியே கொல்றீங்க," என்று மச்சினி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் தம் முகவரியிலிருந்து, தம் பெயரில் மையத்துக்கு எழுதினார். இந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் காலமாகிவிட்டார். நான் அவருடைய கணவன். அவர் எறும்புகளைப் பார்த்த லென்சுகளைச் செய்துகொடுத்தவன். அவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று அறிந்தவன். தயவுசெய்து அவர் பெயரை நீக்கிவிடுங்கள். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார். அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. அவருடைய கடிதத்தை எந்த மனிதனும் படித்திருக்க முடியாது என்பது வந்த வேகத்திலேயே தெரிந்தது. கடிதங்களைத் தானாகவே படித்துத் தானாகவே முடிவெடுக்கும் மென்பொருள் அது. மரணச் செய்தியை வைக்க அதனிடம் இடம் இல்லை. ஆனால் லென்சு செய்தவர் என்ற செய்தியை வைக்க இடம் இருந்தது. 'ஆய்வுக் கருவி உருவாக்கம்: புதிய பங்களிப்பாளர் சேர்க்கப்பட்டார். நல்வரவு!'

மறுநாள் புது வரைவு வந்தது. அதில் நான்கு ஆசிரியர்கள். நான்காவது பெயர் கண்ணாடிக் கடைக்காரருடையது.

மச்சினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியா எழுதின கட்டுரை! அத்தான், உப்புக்குச் சப்பாணியா உங்களையும் ஆட்டத்துல சேத்துட்டாங்க." திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள். "ஆமா, இப்ப நீங்களும் ஒரு ஆளுதானே? ஒரு வாரத்துல நீங்க பதில் போடலைன்னா நீங்களும் சம்மதம்."

"ஆமா."

"பதில் போட்டா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தம் கடைக் கணினியில், தம் முகவரியிலிருந்து, தம் பெயரில் பதில் எழுதினார்: பொறுங்க.

கட்டுரை நின்றது. ஆசிரியர் ஒருவர் ஆட்சேபித்தால் அது தீரும்வரை எதுவும் நகராது என்பதும் அவர்கள் எழுதிய விதிதான். அவரை நீக்கலாம் என்றால் அவரே கேட்டாக வேண்டும். மென்பொருள் தவறு செய்துவிட்டது என்று சொல்லலாம் என்றால், அந்த மென்பொருளைக் காட்டித்தான் மதிப்பீட்டுக் குழுவிடம் மேலும் நிதி கேட்கவிருந்தார்கள். கணினி இளைஞன் கடைக்கு ஓடிவந்தான். வந்தவன் பேச்சைத் தொடங்கத் தெரியாமல், கண்ணாடி வாங்க வந்தவன்போல ஒவ்வொரு பிரேமாக எடுத்து மாட்டிப் பார்த்தான்.

"சார், நீங்க எறும்பு ஆராய்ச்சியாளரா?"

"இல்ல. உன் மென்பொருள் நல்வரவு சொல்லிச் சேத்துக்கிட்ட ஆளு நான்."

"ஆட்சேபணையை எடுத்துடுங்க சார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. இந்தப் பேப்பர் போச்சுன்னா நானும் போயிடுவேன்."

கடைக்காரருக்கு அவனைத் திட்ட மனம் வரவில்லை. அவன் முகத்துக்குப் பொருந்தாத பிரேம் ஒன்றை மாட்டியிருந்தான். அதைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிட்டு, "அவ பேரை எடு. என் பேரையும் எடு. பிறகு கட்டுரையை எப்படி வேணா போட்டுக்க" என்றார்.

அடுத்த நாள் மையத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. மச்சினி துணைக்கு வந்து, உள்ளே விடமாட்டோம் என்றதால் வெளி வராந்தாவில் உட்கார்ந்தாள்.

பேராசிரியர் இறங்கி வந்தார். விதியைக் கொஞ்சம் வளைக்கலாம் என்றார். மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால், பதில் தராத ஒருவரை இன்னொரு ஆசிரியரே நீக்கலாம் என்று நேற்று மாலை புதுப் பிரிவு சேர்த்திருக்கிறோம் என்றார். "ஆனா ஒண்ணு சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பேரை எடுத்துட்டா, அந்த எறும்புக் கணக்கெல்லாம் திட்டத்தோட சொத்து. எங்ககிட்டதான் இருக்கும். 'ஆசிரியர்கள் கண்டபடி'ன்னு போடுவோம். அத்தனை வருஷம் அவங்க பாத்ததெல்லாம் நாங்க பாத்ததா ஆயிடும். அவங்க உழைப்புக்கு எங்கயும் ஒரு சுவடு இருக்காது."

கடைக்காரருக்கு அவளுடைய விரல்கள் நினைவுக்கு வந்தன. ஒற்றை மயிர்க் குச்சியைப் பிடித்துப் பிடித்து அவள் விரல் மரத்துப்போகும். அதை உதறிக்கொண்டே வீட்டுக்கு வருவாள்.

"வேற வழி ஒண்ணு இருக்கு," பேராசிரியர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "பேர் இருக்கட்டும். அடியில ஒரு குறிப்பு போடறோம். முதல் ஆசிரியருக்கு இதில் மாற்றுக் கருத்து இருந்ததுன்னு."

"மாற்றுக் கருத்தா? அவளுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. கருத்துங்கிற இடத்துக்கே அவ இன்னும் போய்ச் சேரல. வழியிலதான் இருந்தா."

"இருக்கட்டுமே. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு பக்கம் அவங்க மொத்த வாழ்க்கை. இன்னொரு பக்கம் ஒரு வரி."

அந்த இடத்தில் அவர் தடுமாறியது உண்மை. பெயர் அச்சில் இருக்கும். எங்கோ யாரோ எறும்பைப் பற்றிப் படிக்கும்போது அவள் பெயரை வாய்விட்டு உச்சரிப்பார்கள். அந்த ஒரு வரியைத் தவிர மற்ற எல்லாம் அவளுடையதாகவே இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியைத் தள்ளித் தள்ளி வைப்பதில்தான் அவள் தன் கடைசி வருடங்கள் முழுவதையும் செலவழித்திருந்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் அவள் கேட்டது, "வரைவு வந்துதா? பொறுங்கன்னு போட்டீங்களா?" என்பதுதான். அவர் போட்டுவிட்டேன் என்றார். அந்த ஒரு முறை அவள் சொல்லித்தான் போட்டார்.

"அவ பாத்ததை நீங்க வெச்சுக்குங்க," என்றார். "அவ பாக்காததை அவ தலையில கட்டாதீங்க. எடுத்துடுங்க."

இளைஞன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினான். அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் 'நீக்கு' என்ற பொத்தான். அதை அழுத்தியதும் காரணம் கேட்டது. மூன்று காரணங்கள் இருந்தன: ஒழுங்கீனம். ஆசிரியர்களிடையே தகராறு. பங்களிப்பு எதுவும் இல்லை.

"இறந்துட்டாங்கன்னு ஒண்ணு இல்லையா?"

"அதைப் போட்டா அந்த நாலு பேப்பர் சார்..." இளைஞன் தரையைப் பார்த்தான். "மூணாவதைப் போடுங்க. அதுல யாரும் மேற்கொண்டு விசாரிக்க மாட்டாங்க."

பங்களிப்பு எதுவும் இல்லை. கடைக்காரர் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பார்வைச் சோதனைக்கு வந்தவர்களிடம் அவர் வழக்கமாகக் கேட்பதுபோல, இப்படித் தெளிவாகத் தெரிகிறதா, இப்படித் தெரிகிறதா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்க்காததுபோல் பார்த்தார்.

"இந்தக் கட்டுரைக்குத்தானே கேக்குது?" என்றார் கடைக்காரர்.

"ஆமா சார். இந்தக் கட்டுரைக்கு மட்டும்."

"அப்ப சரி." அவர் மூன்றாவதை அழுத்தினார். பிறகு தம் பெயருக்கு நேராகவும் அதையே அழுத்தினார். திரையில் இருவர் பெயரும் போய், இரண்டு பெயர்கள் மிஞ்சின. 'அனைத்து ஆசிரியர்களும் சம்மதம்' என்று பச்சை நிறத்தில் வந்தது.

பேராசிரியர் எழுந்து கை கொடுத்தார். கட்டுரை அடுத்த மாதமே வந்துவிடும் என்றார். விருது பற்றி யாரும் பேசவில்லை. பங்களிப்பு இல்லை என்று பதிந்த பெயருக்கு விருது கிடையாது, அது வெளிநாட்டில் இருப்பவருக்குப் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

வராந்தாவில் மச்சினி எழுந்து நின்றாள். "எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டேன். நான்தான் அழுத்தினேன்."

"என்ன காரணம் போட்டாங்க?"

அவர் சொன்னார்.

"பங்களிப்பு இல்லையா? எங்கக்காவுக்கா?" அவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். ஊரார் வசவையெல்லாம் வாங்கித் திருப்பிக் கொடுத்த அந்த வாய் கோணியது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  கடைக்காரர் அவள் கைப்பையைத் தாம் வாங்கிக்கொண்டு, அவள் திரும்பும்வரை பக்கத்திலேயே இருந்தார்.